நான்கு சேனலில் ஒரு முழுப் பாட்டு: அமிகா காலத்து டிராக்கர் இசை, படிப்படியாக

1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் ஜெர்மனி, சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து போன்ற நாடுகளில் ஏராளமான பள்ளிப் பிள்ளைகள் கமோடோர் அமிகா 500 கம்ப்யூட்டரில், ஸ்வரங்களை வரி வரியாகக் கட்டங்களில் எழுதும் டிராக்கர் என்ற வகை மென்பொருளில் பாட்டு அமைத்துக்கொண்டிருந்தார்கள். டெமோசீன் என்று நாம் சொல்லும் உலகம் அவர்களுடையது. நிரல் எழுதுபவர், படம் வரைபவர், இசை அமைப்பவர் என்று சிலர் கூடி, கம்ப்யூட்டர் அந்தந்த நொடியிலேயே கணக்குப் போட்டுக் காட்டும் ஒரு சிறு படைப்பைச் செய்வார்கள். அதுதான் டெமோ. அதில் பணம் கிடையாது, பெயர் கிடைக்கும்.

அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இசை ஆசிரியர் என்று யாரும் இருந்ததில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது மாட் என்ற கோப்பு வடிவம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு மாட் கோப்புக்குள் பாட்டின் ஒவ்வொரு ஸ்வரமும், அதை வாசிக்கும் ஒலியும், அந்த ஒலியை எங்கே வளைக்க வேண்டும் என்ற கட்டளையும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். பிடித்த பாட்டைத் திறந்தால், அதை அமைத்தவர் என்ன செய்தார் என்று வரி வரியாகப் பார்க்கலாம். ஒரு சேனலை, அதாவது ஒரு நேரத்தில் ஒரே ஒலி ஓடும் தடத்தை, நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் கேட்கலாம். மாற்றியும் பார்க்கலாம். கேசட்டில் வரும் பாட்டு இப்படித் தன்னைத் திறந்து காட்டாது.

அதனால் இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. முதலில் அடுத்தவர் பாட்டைப் பிரித்துப் பார்க்கிறோம், அப்புறம் நம்முடையதைக் கட்டுகிறோம். முடிவில் உங்கள் கையில் சுமார் மூன்று நிமிடம் ஓடும் நான்கு சேனல் பாட்டு ஒன்று இருக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னணி

அமிகாவுக்கு முன் கமோடோர் 64 இருந்தது. 1982-ல் வந்த அந்தக் கம்ப்யூட்டரில் சிட் என்ற ஒலிச் சில்லு உண்டு. பாப் யானஸ் வடிவமைத்தது, மூன்று குரல்கள் மட்டுமே கொண்டது. அதில் இசை எழுத அசெம்பிளி நிரல் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. 1986-ல் கிறிஸ் ஹுல்ஸ்பெக் எழுதிய சவுண்ட்மானிட்டர் ஒரு ஜெர்மன் கம்ப்யூட்டர் இதழில் நிரல் பட்டியலாக அச்சானபோது, வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய முடிந்த எவரும் இசை அமைக்கலாம் என்றானது.

அமிகாவில் பாலா என்ற சில்லு இருந்தது. இதற்கு நான்கு சேனல்கள். சிட் தானே அலைகளை உண்டாக்கும். பாலா, நினைவகத்தில் வைத்த எந்த ஒலியையும் 8 பிட்டில் எடுத்து ஒலிக்கும். அதாவது நிஜ டிரம், நிஜக் குரல், நிஜ கிடார். 1987-ல் ஜெர்மனிக்காரரான கார்ஸ்டன் ஒபார்ஸ்கி இதற்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். விற்பனைக்கு வந்த அதை டெமோசீன் ஆட்கள் பிரித்துத் திருத்தி, தங்கள் பதிப்புகளைச் சுற்றில் விட்டார்கள். 1989-ல் சுவீடனின் மஹோனியும் காக்டஸும் சேர்ந்து நாய்ஸ்டிராக்கர் கொண்டுவந்தார்கள். 1990-ல் நார்வேயில் இருந்து புரோடிராக்கர் வந்தது. முதலில் 15 சாம்பிள்கள் (நினைவகத்தில் வைக்கும் ஒலித்துண்டுகள்) என்றிருந்த எல்லை 31 ஆனது. இந்த வழிகாட்டி முழுக்கப் புரோடிராக்கர் முறைதான்.

படி 1: கருவியை நிறுவுதல்

பழைய அமிகா தேவையில்லை. புரோடிராக்கர் 2-ன் நவீன நகல் ஒன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. திரை, பொத்தான், எல்லை எல்லாமே அமிகாவில் இருந்த மாதிரியே. மில்கிடிராக்கர், ஓப்பன் எம்பிடி ஆகியவையும் இலவசம், பழகவும் எளிது. ஆனால் முதல் பாட்டுக்கு நான் புரோடிராக்கர் நகலைத்தான் சொல்வேன். மற்றவை ஐந்தாவது சேனலைச் சேர்க்க அனுமதிக்கும். சேர்க்க முடியும் என்றால் சேர்த்துவிடுவோம்; கற்க வேண்டியதைக் கற்காமல் தாண்டிவிடுவோம்.

அமிகாவில் 1, 4 சேனல்கள் முழுக்க இடப்பக்கமும் 2, 3 சேனல்கள் முழுக்க வலப்பக்கமும் ஒலிக்கும். ஹெட்போனில் இது காதைப் பிரித்துப்போடும். அமைப்புகளில் ஸ்டீரியோ இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: திரையைப் படித்தல்

பாட்டு மேலிருந்து கீழாக ஓடும். பாட்டின் ஒரு துண்டுக்குப் பேட்டர்ன் என்று பெயர். ஒரு பேட்டர்னில் 64 வரிகள், சேனலுக்கு ஒன்றாக நான்கு பத்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று தகவல்கள்: எந்த ஸ்வரம், எந்த சாம்பிள், எந்தக் கட்டளை. சி-2, 01, சி20 என்று ஒரு கட்டத்தில் இருந்தால், முதலாவது இரண்டாம் ஸ்தாயியின் சி ஸ்வரம். நடுவில் இருப்பது முதல் சாம்பிள். கடைசி மூன்று எழுத்து, வால்யூமை 20 ஆக வை என்ற கட்டளை. இரண்டு சி-க்கும் தொடர்பில்லை.

கட்டளை எண்கள் பதினாறடி எண்கள். 9-க்குப் பின் ஏ முதல் எஃப் வரை போகும், அதன் பின் வரும் 10 நம் கணக்கில் 16. முழு வால்யூம் நம் கணக்கில் 64, இங்கே 40 என்று எழுத வேண்டும். ஆக சி40 முழு ஒலி, சி20 பாதி, சி10 கால்வாசி. இந்த மூன்றும் மனதில் நின்றால் போதும்.

நேரக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடுவோம். ஐரோப்பியத் தொலைக்காட்சி நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பிக்கும். பழைய டிராக்கர்கள் அந்தத் துடிப்பையே தாளக் கடிகாரமாக வைத்துக்கொண்டன. ஒரு துடிப்பு ஒரு டிக். வழக்கமான ஸ்பீட் 6, அதாவது ஒரு வரிக்கு 6 டிக், 0.12 நொடி. நான்கு வரி ஒரு தாளத் தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 125 தட்டு. 64 வரிப் பேட்டர்ன் ஒன்று 7.68 நொடி ஓடும். மூன்று நிமிடப் பாட்டுக்குச் சுமார் 24 பேட்டர்ன் இடங்கள் வேண்டும். அதே பேட்டர்ன் திரும்ப வரலாம் என்பதால் எழுத வேண்டியது அதில் பாதிகூட இருக்காது.

கீபோர்டே பியானோ. இசட் தொடங்கும் கீழ்வரிசை ஒரு ஸ்தாயி, க்யூ தொடங்கும் மேல்வரிசை அடுத்த ஸ்தாயி. கறுப்புக் கட்டைகள் ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள வரிசையில். எஃப்1, எஃப்2 விசைகள் ஸ்தாயியை மாற்றும். மொத்தம் மூன்று ஸ்தாயிகள், 36 ஸ்வரங்கள். ஸ்பேஸ் விசை எழுதும் நிலையைப் போட்டு எடுக்கும்.

படி 3: மற்றவர் பாட்டைப் பிரித்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வட ஐரோப்பாவில் அந்தத் தலைமுறை இதைத்தான் இசைப் பள்ளியாக வைத்திருந்தது. 1988 முதல் 1993 வரையிலான நான்கு சேனல் மாட் கோப்புகள் இணையக் காப்பகங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. பிடித்த மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். அடுத்து, மூன்று சேனல்களை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். நான்கையும் இப்படித் தனித்தனியாகக் கேட்டால் ஒரு வியப்பு காத்திருக்கும்: ஏழெட்டு வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கிற மாதிரிக் கேட்ட பாட்டில் எந்தக் கணத்திலும் நான்குக்கு மேல் ஒலி இல்லை. டிரம் அடிக்கும் சேனலிலேயே டிரம் இல்லாத இடைவெளியில் வேறு ஒலி நுழைந்திருக்கும். மெட்டு மூச்சு வாங்கும் இடத்தில் அதே சேனல் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள், வாசிக்கும். காது அதை இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளாது.

அப்புறம் சாம்பிள் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றும் எத்தனை பைட், எது லூப் ஆகித் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது, எது ஒருமுறை ஒலித்து நிற்கிறது. சாம்பிள் பெயருக்கு 22 எழுத்து இடம் உண்டு. அதில் பெயரை எழுதாமல் நண்பர்களுக்கு வணக்கம், தங்கள் குழுவின் பெயர், சில சமயம் தபால் முகவரியைக்கூட எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்துக் கடிதப் போக்குவரத்து இதற்குள்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு பயிற்சி. பிடித்த பாட்டின் பேஸ் வரியை, அதாவது அடியில் ஓடும் கனத்த ஸ்வரங்களை, மட்டும் காதால் கேட்டு, காலிப் பேட்டர்ன் ஒன்றில் நீங்களே எழுதுங்கள். முடித்த பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்வரம் சரியாக இருந்தும் உங்களுடையது உயிரில்லாமல் இருந்தால், வித்தியாசம் வால்யூம் கட்டளைகளில் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பாடம்.

படி 4: சாம்பிள் தயாரித்தல்

அமிகா 500-ல் இருந்த நினைவகம் 512 கிலோபைட். ஒரு ஃபிளாப்பியில் 880 கிலோபைட் கொள்ளும். மாட் கோப்பின் தலைப்பகுதி 1,084 பைட், ஒவ்வொரு பேட்டர்னும் 1 கிலோபைட். ஸ்வரம் எழுதச் செலவே இல்லை, ஒலிக்குத்தான் இடம் போகும். டெமோ என்றால் படமும் நிரலும் அதே நினைவகத்தில்தான் இருக்க வேண்டும். நிரல் எழுதும் நண்பர் "இசைக்கு இவ்வளவுதான்" என்று ஒரு எண்ணைச் சொல்வார், அதற்குள் அடக்க வேண்டும். நாமும் ஒரு எல்லை வைத்துக்கொள்வோம்: முழுக் கோப்பும் 100 கிலோபைட்டுக்குள்.

ஒரு சாம்பிளை சி-2-ல் வாசித்தால் நொடிக்கு 8,287 எண்கள் போகும். அப்படியென்றால் சுமார் 4,100 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதியாது. ஹை-ஹாட் என்ற சிறு தாளத் தட்டின் ஒலி போர்வைக்குள் இருந்து வருவது போல் மங்கிவிடும். சி-3-ல் வாசித்தால் நொடிக்கு 16,574. ஒலி தெளிவாகும், இடமும் இரண்டு மடங்காகும். அதனால் ஒலிக்குத் தக்கபடி முடிவெடுங்கள். பேஸும் கிக் என்ற பெரிய டிரம்மும் குறைந்த வேகத்தில் பதிந்தால் போதும். ஸ்னேர் என்ற சிறு டிரம்மையும் ஹை-ஹாட்டையும் மேல் ஸ்தாயியில் வாசிக்கும் வேகத்தில் பதியுங்கள். அவை குட்டி ஒலிகள்தான், கால் நொடிகூடத் தேவையில்லை.

என் தேர்வு ஏழு சாம்பிள்: கிக், ஸ்னேர், மூடிய ஹை-ஹாட், பேஸ், மெட்டுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று, கையால் வரைந்த அலை ஒன்று. அந்தக் காலப் பிள்ளைகள் அமிகாவின் பின்பக்கத் துளையில் சொருகும் சிறு சாம்பிளர் பெட்டியால் ஒலி பிடித்தார்கள். சவுண்ட்டிராக்கரோடு வந்த எஸ்டி-01 என்ற வட்டின் ஒலிகளையும், மற்றவர் மாட் கோப்புகளில் இருந்து எடுத்தவற்றையும் பயன்படுத்தினார்கள். இன்று உங்கள் போனில் பதிவு செய்ததே போதும். மேசையில் தட்டிய ஒலி நல்ல கிக் ஆகும். அடுத்தவர் சாம்பிளை எடுத்தால் பட்டியலில் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

பதிந்த ஒலியை மோனோவாக்கி, முன்னால் இருக்கும் மௌனத்தை முழுக்க வெட்டுங்கள். முன்னால் ஒரு வரி நேரத்தில் கால்பங்கு மௌனம் இருந்தாலும் தாளம் பின்தங்கிக் கேட்கும். பிறகு ஒலியை உச்ச அளவுக்கு உயர்த்தி, அதன் பின்னரே 8 பிட்டுக்கு மாற்றுங்கள். 8 பிட்டில் 256 படிகள்தான். மெல்லிய பதிவு அதில் சில படிகளை மட்டும் பயன்படுத்தும், மிச்சம் இரைச்சலாகக் கேட்கும். ஒலியைக் குறைக்க வேண்டுமானால் பாட்டில் சி கட்டளையால் குறைத்துக்கொள்ளலாம்.

நீளமாக ஒலிக்க வேண்டியவற்றுக்கு லூப் வேண்டும். அலை நடுக்கோட்டைக் கடந்து மேலே ஏறும் ஓர் இடத்தில் தொடங்கி, அதேபோல் ஏறும் இன்னோர் இடத்தில் முடியுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் டிக் டிக் என்று கேட்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 32 பைட் நீளமுள்ள காலி சாம்பிள் ஒன்றை எடுத்து, முதல் 16 பைட்டை மேலேயும் அடுத்த 16-ஐக் கீழேயும் வரைந்து, முழுவதையும் லூப் ஆக்குங்கள். சி-2-ல் அது 259 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், பியானோவின் நடு சி-க்கு மிக அருகில். 32 பைட்டில் ஒரு வாத்தியம்! முதல் 8 மேலே, மிச்சம் 24 கீழே என்று வரைந்தால் குரல் மெலிந்து மூக்கால் பாடுவது போல் மாறும். இந்த மாதிரிக் குட்டி அலைகளை மட்டும் வைத்து, கமோடோர் 64-ன் குரலை நினைவூட்டும் சில கிலோபைட் பாட்டுகள் அமிகாவில் பெருகின. சிப்டியூன் என்ற பெயர் பரவியது அவற்றால்தான்.

எல்லா சாம்பிளையும் இந்த வரைந்த அலையோடு ஒப்பிட்டுச் சுருதி சேருங்கள். ஃபைன்டியூன் என்ற நுண்சுருதி அமைப்பு -8 முதல் +7 வரை நகரும். ஒரு படி அரை ஸ்வரத்தில் எட்டில் ஒரு பங்கு. இதை இப்போதே செய்யாவிட்டால் பாட்டு முடிந்தபின் எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

படி 5: தாளமும் பேஸும்

சேனல் 1 தாளத்துக்கு. 0-வது வரியில் கிக், 4-ல் ஸ்னேர், 8-ல் கிக், 12-ல் ஸ்னேர். 2, 6, 10, 14-ல் ஹை-ஹாட். இதையே நகலெடுத்து 64 வரியையும் நிரப்புங்கள். மூன்று வாத்தியமும் ஒரே சேனலில் இருப்பதால் புதியது வந்தவுடன் பழையது அறுபடும். ஸ்னேரின் வால் ஹை-ஹாட்டால் வெட்டுப்படுவது கேட்கும். அந்த வெட்டு அமிகா இசையின் தனித்த நடை, அதற்கு இடம் கொடுத்து எழுதுங்கள்.

எல்லா ஹை-ஹாட்டும் ஒரே ஒலியில் இருந்தால் இயந்திரம் மாதிரி இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றுக்கு சி18, சி28 என்று மாற்றுங்கள். 14-வது வரியில் இன்னும் மெல்லிதாக. கொஞ்சம் ஆட்டம் வேண்டுமா? இடைப்பட்ட ஹை-ஹாட்டுக்கு இடி2 போடுங்கள். அந்த ஸ்வரம் இரண்டு டிக் தாமதித்து விழும். முழுப் பாட்டையும் ஆடவைக்க, ஒற்றைப்படை வரிகளில் எஃப்05, இரட்டைப்படையில் எஃப்07 என்று ஸ்பீடையே மாற்றி மாற்றி எழுதுவதும் உண்டு. எஃப் கட்டளையில் 20-க்குக் கீழ் எண் வந்தால் அது ஸ்பீட், 20-ம் அதற்கு மேலும் டெம்போ. எஃப்7டி என்றால் 125.

சேனல் 2 பேஸுக்கு. கிக்கோடு சேர்ந்து விழட்டும், நடுவே ஒன்றிரண்டு மேல் ஸ்தாயிக்குத் தாவட்டும். இடம் இன்னும் போதவில்லை என்றால் கிக்கையும் பேஸையும் கலந்து ஒரே சாம்பிளாகப் பதிந்து ஒரு சேனலை மிச்சம் பிடிக்கலாம்.

படி 6: கார்டை ஒரே சேனலில் அடக்குதல்

சேனல் 3 கார்டுக்கு. ஒரு கார்டுக்கு மூன்று ஸ்வரம். மூன்று சேனலை அதற்குக் கொடுத்தால் மிச்சம் ஒன்றுதான். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, முழுக் கார்டையும் ஒரு சாம்பிளாகப் பதிவது. மேஜருக்கு ஒன்று, மைனருக்கு ஒன்று வேண்டும். மேலே வாசித்தால் ஒலி சுருங்கி வேகமாகும் என்பதால் நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே நன்றாக இருக்கும்.

இரண்டாம் வழி ஆர்பெஜியோ. கட்டளை 0, பின்னால் இரண்டு எண்கள். 047 என்று எழுதினால் ஒவ்வொரு டிக்கிலும் மூல ஸ்வரம், அதற்கு நான்கு அரை ஸ்வரம் மேலே, ஏழு மேலே என்று சுற்றிச் சுற்றி வரும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாக: ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். 037 என்றால் சாதாரண காந்தாரம், அதுவே மைனர். ஸ்பீட் 6-ல் ஒரு வரிக்குள் இரண்டு முழுச் சுற்று. நொடிக்கு 50 தாவல் என்பதால் காது அதை மினுமினுக்கும் கார்டாகக் கேட்கும். சிட் சில்லின் மூன்று குரலுக்குள் கார்டு வாசிக்க கமோடோர் 64 இசையமைப்பாளர்கள் நம்பியிருந்த உத்தி இது. வரைந்த 32 பைட் அலையில் இதைப் போட்டுப் பாருங்கள். நீண்ட ஸ்வரம் என்றால் ஒவ்வொரு வரியிலும் கட்டளையைத் திரும்ப எழுத வேண்டும். விட்ட வரியில் மினுமினுப்பு நின்றுவிடும்.

படி 7: மெட்டும் எதிரொலியும்

மெட்டைக் கணினியில் தேடாதீர்கள். தாளமும் கார்டும் ஓடட்டும், வாயால் முனகுங்கள். பிடிபட்டதும் சேனல் 4-ல் எழுதுங்கள். விரல் போன போக்கில் கிடைக்கும் மெட்டு விரலுக்கு வசதியானதாக இருக்கும், பாடத்தகுந்ததாக இருப்பது அரிது.

எழுதியபின் அதைப் பாட வைக்க மூன்று கட்டளைகள் போதும்.

3 என்பது வழுக்கல். புது ஸ்வரத்தோடு 308 என்று எழுதினால் சாம்பிள் திரும்பத் தொடங்காமல், முந்தைய ஸ்வரத்தில் இருந்து வழுக்கிப் போய்ச் சேரும். எண் பெரிதானால் வேகம் கூடும்.

4 என்பது அசைவு. 443 என்றால் வேகம் 4, ஆழம் 3. ஸ்வரம் தொடங்கிய உடனே போடாதீர்கள். இரண்டு மூன்று வரி நேராக நிற்கட்டும், அப்புறம் அசையட்டும். பாடகர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அடுத்தடுத்த வரியில் 400 என்று எழுதினால் பழைய எண்ணையே எடுத்துக்கொள்ளும்.

ஏ என்பது ஒலியை ஏற்றி இறக்குவது. ஏ04 ஒவ்வொரு டிக்கிலும் 4 குறைக்கும், வரியின் முதல் டிக்கைத் தவிர. ஸ்பீட் 6-ல் ஒரு வரிக்கு 20 குறையும், ஆகவே முழு ஒலி நாலாவது வரியில் அணைந்துவிடும். மெல்ல அணைய ஏ01 போடுங்கள். புரோடிராக்கரில் ஏ00 பழைய எண்ணை நினைவில் வைக்காது.

எதிரொலிதான் அமிகா இசையின் இதயம். மெட்டு முழுவதையும் நகலெடுத்து சேனல் 3-ல், மூன்று வரி தள்ளி, சி14 அளவில் ஒட்டுங்கள். சேனல் 4 இடப்பக்கம், 3 வலப்பக்கம். ஒரு பெரிய மண்டபத்தில் ஒலி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புவது போல் விரியும். ஆனால் சேனல் 3-ல்தானே கார்டு இருந்தது? மெட்டு பாடும்போது கார்டு விலகட்டும், மெட்டு நிற்கும் வரிகளில் கார்டு பேசட்டும். இந்த இடம் மாற்றிக்கொள்ளும் விளையாட்டில்தான் நான்கு சேனல் ஏழெட்டாகத் தோன்றுகிறது.

சேனல் 3-ஐ விடவே முடியாது என்றால், மெட்டு சேனலுக்குள்ளேயே எதிரொலி வைக்கலாம். 0-வது வரியில் ஒரு ஸ்வரம் சி40, 2-ல் அடுத்த ஸ்வரம் சி40, 3-ல் முதல் ஸ்வரம் திரும்ப சி14, 5-ல் இரண்டாவது சி14. ஒரே குரல்தான், காதுக்கு இரண்டாகக் கேட்கும். பிரித்துப் பார்க்க எடுத்த பழைய பாட்டுகளில் இதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காமல் போகாது.

இன்னொரு சின்ன உத்தி: 9 கட்டளை சாம்பிளை நடுவில் இருந்து தொடங்கும். எண்ணை 256 பைட்டால் பெருக்க வேண்டும். 910 என்றால் 4,096-வது பைட்டில் இருந்து. நீளமான டிரம் பதிவு ஒன்றை இதனால் துண்டு துண்டாக்கி விளையாடலாம்.

படி 8: பாட்டாக அடுக்குதல்

பேட்டர்ன்களை வரிசையில் வையுங்கள். 128 இடம் வரை உண்டு. முதல் பேட்டர்னில் வரைந்த அலையின் ஆர்பெஜியோ மட்டும், அடுத்ததில் பேஸ், அப்புறம் தாளம், நான்காவதில் மெட்டு. திரும்ப வரும் ஒவ்வொரு பேட்டர்னிலும் கடைசி எட்டு வரியையாவது மாற்றுங்கள். நடுவில் தாளத்தை முழுக்க எடுத்துவிட்டு எட்டு நொடி மெட்டை மட்டும் விட்டால், தாளம் திரும்பும்போது அதன் பலம் புரியும். கடைசிச் சுற்றை இரண்டு அரை ஸ்வரம் மேலே தூக்குவது அக்காலத்தில் எல்லாரும் செய்த வேலை; இன்னமும் வேலை செய்கிறது. பேட்டர்னை நடுவில் முறிக்க டி00, பாட்டைத் தொடக்கத்துக்குத் திருப்ப பி00.

டெமோவுக்கு எழுதுகிறீர்கள் என்றால், நிரலாளரிடம் காட்சி எத்தனை நொடி என்று முதலில் கேளுங்கள். 8 கட்டளை புரோடிராக்கரில் எதையும் செய்யாது. அதனால் அதைச் சைகையாக வைத்துக்கொண்டார்கள்: இசையமைப்பாளர் 801 என்று எழுதிய வரி வந்ததும் நிரல் அதைப் படித்து அடுத்த காட்சிக்கு மாறும். படமும் இசையும் இழையோடு இழையாகப் பொருந்தியது இப்படித்தான்.

படி 9: முடித்து வெளியிடுதல்

முதல் பேட்டர்னின் 0-வது வரியில் எஃப்06-ம் எஃப்7டி-யும் வெவ்வேறு சேனலில் இருக்கட்டும். இன்னொரு சேனலில் இ01 போடுங்கள். அமிகாவில் பவர் விளக்கோடு இணைந்த ஒரு ஒலி வடிகட்டி இருந்தது. இ00 அதைப் போடும், இ01 அணைக்கும். பயன்படுத்தாத சாம்பிள்களை நீக்குங்கள். லூப்புக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் பைட்டுகளையும் வெட்டுங்கள், அவை ஒலிக்கவே போவதில்லை. பிறகு வேறு ஒரு பிளேயரில் திறந்து முழுக்கக் கேளுங்கள்.

பழைய நாட்களில் இந்தக் கோப்பு ஃபிளாப்பியில் ஏறித் தபாலில் போகும். ஒவ்வொரு குழுவிலும் ஸ்வாப்பர் என்று ஒருவர் இருப்பார். ஊர் ஊராக வட்டுகளை அனுப்பிப் பெறுவதே அவர் வேலை. பிறகு கூட்டங்கள் பெரிதாயின. டென்மார்க்கில் 1991 டிசம்பரில் தி பார்ட்டி தொடங்கியது. 1992-ல் நார்வேயில் தி கேதரிங், பின்லாந்தில் அசெம்பிளி. அங்கே பெரிய ஸ்பீக்கர்களில் போட்டிப் பாட்டுகள் ஒலிக்கும், வந்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். அசெம்பிளி இன்றும் நடக்கிறது. ஜெர்மனியின் சார்புரூக்கனில் 2011 முதல் ஈஸ்டர் சமயத்தில் ரிவிஷன் என்ற கூட்டம் நடக்கிறது, அங்கே டிராக்கர் இசைக்குத் தனிப் போட்டி உண்டு. 2020-ல் பின்லாந்து டெமோசீனைத் தன் வாழும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, அடுத்த ஆண்டு ஜெர்மனியும் சேர்த்தது.

உங்கள் பாட்டை மாட் கோப்பாகவே பகிருங்கள். எம்பி3 கூடவே இருக்கட்டும், ஆனால் மாட் இல்லாமல் வேண்டாம். சாம்பிள் பெயர் இடத்தில் உங்கள் புனைபெயர், எந்த ஒலி யாருடையது, யாருக்கு வணக்கம் என்று எழுதுங்கள். யாரோ ஒரு பிள்ளை அதைத் திறந்து, மூன்று சேனலை நிறுத்திவிட்டு ஒன்றைக் கேட்கப்போகிறது.

அதற்குப் பிறகு

1990-களின் நடுவில் பிசி இந்த இடத்தைப் பிடித்தது. கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒலி அட்டை 32 குரல்களைத் தானே கலந்து கொடுத்தது. பின்லாந்தின் ஃபியூச்சர் குரூ என்ற குழு ஸ்கிரீம் டிராக்கர் 3-ஐ வெளியிட்டது. சுவீடனின் டிரைட்டன் குழு ஃபாஸ்ட்டிராக்கர் 2-ஐக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம் 1995-ல் இம்பல்ஸ் டிராக்கரை எழுதி 64 சேனல் வரை போனார். அமிகாவில் தொடங்கிய டென்மார்க்கின் ஜெஸ்பர் கிட், நார்வேயின் பியோர்ன் லின் போன்றவர்கள் பின்னாளில் வீடியோ கேம்களுக்கு இசையமைத்தார்கள். நீங்களும் அந்தப் பக்கம் போகலாம், ஆனால் நான்கு சேனலில் இன்னும் நாலைந்து பாட்டு முடித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது பாட்டுக்கு டெமோ கூட்டங்களின் வேகப் போட்டி முறையைப் பரிந்துரைக்கிறேன். நண்பர் ஒருவரை பத்து சாம்பிள் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள். அவற்றை வெட்டலாம், லூப் ஆக்கலாம், புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது. ஒரு மணி நேரம். மணி அடித்ததும் சேமித்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.